பட்டாணி டெஸ்டில் பாஸாகிவிட்டாள்

அன்புக்கும், என் காதைத் திருகும் உரிமைக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பட்டாணி மூவரும் நலம். அங்கே நீயும், மாமாவும், மாமாவின் முழங்காலும் நலம்தானே? இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் பேனாவைத் தொட்டால் ஏதோ காரியம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். காரியம் முழுக்க என் கைக்குள் இருக்கிறது. பதறாமல் படி.

பட்டாணிக்கு ஐந்து வயது முடிந்தும், வாயைத் திறந்தால் என் வண்டியின் பின்சீட்டில் பொறுக்கிய "கண்ணாடி, சிக்னல், பிரேக்" மட்டும்தான் வரும், ஆளைக் கூப்பிட ஒரு வார்த்தை வராது என்பது நீ அறிந்ததே. பேச்சுப் பயிற்சியும், வகுப்பில் பக்கத்தில் உட்கார ஒரு துணை ஆளும் வேண்டும் என்று அரசாங்க மையத்தில் கேட்டோம். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிய தாள் இருந்தால் இரண்டும் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டரோ பதினோரு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்து, அன்றைக்கு டெஸ்ட் வைப்பேன் என்றார். என்னிடம் படித்த ஒருத்தரும் டெஸ்டில் தோற்றதில்லை, பெற்ற பெண்ணை மட்டும் விட்டுவிடுவேனா? ஏற்கெனவே போய்வந்த ஒரு அப்பாவைப் பிடித்து, உள்ளே என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் டிரெய்னிங் கொடுத்தேன். டாக்டர் கண்ணைப் பார், மூன்று எண்ணு, கையை ஆட்டு. பொம்மை கொடுத்தால் தூக்கு, ஊட்டு, வாயைத் துடை, படுக்க வை. வரிசை என்று ஒன்று இருந்துவிட்டால் பட்டாணி பிசகவே மாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா?

அன்றைக்கு டாக்டர் அசந்துபோனார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே இவள் பொம்மைக்கு ஊட்டி, வாயைத் துடைத்து, படுக்க வைத்து, அவர் கண்ணையும் பார்த்துவிட்டாள். "இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல இயலாது" என்று எழுதிக் கொடுத்தார். நான் வாசலிலிருந்த காவலாளிக்குக்கூட சாக்லேட் கொடுத்தேன். அதே கையோடு பேச்சுப் பயிற்சி கவுன்ட்டருக்குப் போய்த் தாளை நீட்டினால், அந்த அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டிசம்னு எங்கயுமே போடலையே சார்" என்கிறார். "பாஸ் பண்ணிட்டா மேடம்" என்றேன். "அதான் சார் பிரச்சினையே" என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி நின்றேன்.

வீட்டில் உன் தம்பி பெண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? "ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கித் தந்தீங்க, நம்ம பொண்ணுக்கு ஒரு தாள் வாங்கித் தர முடியல." அக்கா, உன்னிடம் என்ன மறைக்க, ஆட்டிசம்ங்கிற அந்த வார்த்தை என் பொண்ணு பேருக்குப் பக்கத்துல வர்றதைப் பார்க்க எனக்கு பயம். அவளுக்கு சொல்லிக் கொடுத்தேன்னு நினைச்சேன், நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன். என் பெண்டாட்டி நேரா டாக்டர்கிட்ட போய் எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டா. அவர் சிரிச்சுட்டு, வர்ற திங்கட்கிழமையே திரும்பப் பார்க்கிறேன்னு சொல்லிட்டாரு. பயிற்சியில ஒரே ஒரு இடம் காலி, மாசக் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்களாம்.

இந்தத் தடவை ஒரு குறையும் வராது. திங்கட்கிழமை டாக்டரிடம் கொடுக்க நாலு பக்கப் படிவம் நிரப்பியாச்சு. பதினேழாம் கேள்வி, "குழந்தை பெற்றோரை அழைக்கிறதா?" "ஒருநாளும் இல்லை" என்று பேனாவால் பட்டையாக எழுதிவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்தவர் ஒருவரையும் விசாரிப்பார்களாம். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். உள்ளதைச் சொல். இனி யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்கள் மூன்று பேரையும் மனதார வாழ்த்த வேண்டும்.

என்றும் உன் அடிக்கு அஞ்சும்
தம்பி

பி.கு.: ஒட்டின கவரைக் கிழிச்சு எழுதறேன். இதைத் தபால்ல போட பட்டாணியையும் பின்சீட்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். ஊருக்கே வாத்தியார், கண்ணாடியப் பார்க்காம வண்டிய எடுத்துட்டேன். பின்னாலேர்ந்து குரல்: "அப்பா, கண்ணாடி." கண்ணாடி பழசு அக்கா. அப்பாதான் புதுசு. வண்டிய ஓரங்கட்டி அழுதேன். "சிக்னல்"ன்னா. அதையும் போடாமத்தான் ஓரங்கட்டியிருந்தேன். படிவத்தைக் கிழிச்சுப் போட்டாச்சு. புதுசு வாங்க நாளைக்குக் காலையில வரிசையில நிக்கப்போறேன். இதனால தாள் கிடைக்காமப் போயிடுமோன்னு பயமாத்தான் இருக்கு, ஆனா இல்லைன்னு எழுத இனிமே கை வராது. ஃபோன் வந்தா மத்ததெல்லாம் நீ சொல்லு. பதினேழை மட்டும் விட்டுடு, அதை நான் சொல்லிக்கறேன்.