நைனாவோடு போன எம்.ஏ. பாடம்

நெல்லிவாசல் நாடு,
மாசிக் கடைசி, 1979.

குடகு காபித் தோட்டத்தில் இருக்கும் தாய்மாமன் சிங்காரம் அவர்களுக்கு, அக்காள் மகன் மாதையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், அந்த மைக்கறையைப் பொருட்படுத்த வேண்டாம். நைனா இறந்த தந்தி கிடைத்தும் மேஸ்திரி லீவு தராததால் நீங்கள் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று தெரிந்துகொண்டோம். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே வந்தால் நல்லது. வந்து, ஊரிடம் பேசி, நைனாவின் குழியைத் திறக்க அனுமதி வாங்கித் தர வேண்டும். பதற வேண்டாம், விவரமாக எழுதுகிறேன்.

நான் எம்.ஏ. வரலாறு கடைசி வருஷம் என்பது உங்களுக்குத் தெரியும். பங்குனி முடிவதற்குள் பரீட்சை. படிப்பு லீவுக்கு ஊருக்கு வந்தபோது என் நோட்டுகள் இருந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது, நூலகத்தில் உட்கார்ந்து தடித்தடிப் புத்தகங்களிலிருந்து கையால் படியெடுத்தது, தாள் தீர்ந்தபோது மெஸ் நோட்டீஸின் முதுகில் கிறுக்கியது, பக்கத்து அறைக்காரனிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதது, எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தன. முகலாயர் நிலவரிக்கு நடுவில் பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது? முதலில் அடுக்குவோம், பிறகு படிப்போம் என்று முடிவு செய்தேன். பாடவாரியாகப் பிரித்தேன். காலவாரியாகப் பிரித்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று தோன்றியது, கலைத்தேன். எந்தக் கேள்வி வரும், எது வராது என்று பிரிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அப்புறம் தோன்றியது, அதையும் கலைத்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பொருளடக்கம் எழுதினேன், பொருளடக்கங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொருளடக்கம் எழுதினேன். இத்தனைக்கும் நடுவில் ஒரு வரி படிக்கவில்லை. அடுக்கிய தாளெல்லாம் மண்டையில் ஏறிவிட்டது போல ஒரு நிம்மதி மட்டும் இருந்தது.

நம் மலைக்காற்று சும்மா விடுமா? இரண்டு தரம் அடித்ததில் சோழர் நிர்வாகம் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விட்டது, போய்த் தேடுவதற்குள் ஆடு தின்றுவிட்டது. ஊரே புளி உலுக்கப் போயிருந்த நேரம். நைனா மட்டும் சாமை அறுப்பு முடிந்ததிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி கிடந்தார். "நைனா, சும்மாதான குந்திகினு கீற, இதும்மேல கைய வச்சிக்கோ" என்று சொல்லி, அடுக்கியதையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து அவர் மடியில் வைத்தேன். காகிதம் பறக்காமலிருக்க மற்றவர்கள் கல்லை வைப்பார்கள், நான் பெற்ற தகப்பனை வைத்தேன். அவரோ ஊர்ப் பொறுப்பே தன்னிடம் வந்துவிட்டது போல எடுத்துக்கொண்டார். சாப்பிடும்போதும் இடது கை அதன் மேலேயே இருந்தது. உடம்பு விசாரிக்க வந்த கெங்கம்மாள், "இன்னா மாமா அது, அவ்ளோ பத்திரமா புட்ச்சிகினு கீற?" என்று கேட்டாள். "எம்.ஏ. தொடாத, கலஞ்சிப்பூடும்" என்று அதட்டினார் நைனா. அன்றிலிருந்து ஊரில் அந்தக் கட்டுக்கு 'அவுரோட எம்.ஏ.' என்றே பேர் ஆகிவிட்டது. நானும் சிரித்துவிட்டு, திருத்தாமல் விட்டுவிட்டேன்.

மூச்சு அதிகமானதும் டோலி கட்டி ஜீப் வரும் இடம் வரை தூக்கிப்போய், கீழே ஆஸ்பத்திரியில் காட்டினோம். கட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அதையும் கூடவே தூக்க வைத்தார். டாக்டர் அதைப் பழைய வைத்தியச் சீட்டுகள் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தார். முதல் தாளில் ஒரு பேரரசு விழுந்ததற்கு ஆறு காரணங்கள் இருந்தன. "இவருக்கு ஒரே காரணம்தான், நெஞ்சு. கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கட்டையும் நைனாவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் போனது காலை வேளையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்குப் புது நூல் முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கைக்கு அடியிலிருந்த மேல் தாளில் ஒரு பக்க எண் தவறு, அதைத் திருத்த வேண்டியிருந்தது. "கைய கொஞ்சம் தூக்கு நைனா" என்றேன். தூக்கவில்லை. அசதி என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தரம் கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன் மாமா. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. வாய்க்கரிசி போட்டதும் என்னை மறுபக்கம் திருப்பி நிற்க வைத்தார்கள், மகனின் கண்ணீர் குழிக்குள் விழக் கூடாதாம். எனக்கு அழுகையே வரவில்லை, இருந்தாலும் முறை முறைதான் என்று திரும்பி நின்று தொலைவில் தெரிந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கழுவி மெழுகிவிட்டிருந்தார்கள். நைனா சாய்ந்திருந்த மூலையில் ஒன்றும் இல்லை. அம்மாவைக் கேட்டேன். "அத்த அவுரு கூடவே அனுப்பிட்டோம்பா" என்றாள். போகிறவர் ஆசையாகக் கையோடு வைத்திருந்ததை அவரோடு அனுப்புவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் அப்பாவோடு கொடுவாளும் புகையிலைப் பையும் போயின. என் அப்பாவோடு எம்.ஏ. போய்விட்டது.

உள்ளே இறக்கி வைத்தவர் வேடியப்பன் சித்தப்பா. அவரிடம் போய்க் கத்தினேன். "அது என்னோட படிப்பு சித்தப்பா!" என்றேன். "ஒன்னோடதா? ஒரு மாசமா அவுருதான வச்சிகினு இருந்தாரு? நீ ஒரு நாளாச்சும் படிச்சி நாங்க பாக்கலியே" என்றார். "நைனாவுக்குப் படிக்கத் தெரியாதே" என்றேன். "தெரியாதவங்க கத்துக்கக் கூடாதா? இனிமே அவுருக்கு இன்னா வேல?" என்றார் சித்தப்பா. கட்டுக்குள் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றும் இருக்கிறது. கரையான் தின்றுவிட்டது என்று நூலகரிடம் சொன்னால் தின்ற மிச்சத்தைக் கொண்டுவா என்பார். கரையான் இன்னும் ஆரம்பித்திருக்காது, அதனால்தான் அவசரம்.

ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணுவிடம் முறையிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டார். "மூடுன குழிய தொறக்கற பழக்கம் இங்க இல்லப்பா. உள்ள போன பொருளு அவுருது. ஒன் தாய்மாமன் வந்து நின்னு கேட்டா வேணா பாக்கலாம்" என்றார். ஆகவேதான் மாமா, எப்படியாவது மேஸ்திரி காலில் விழுந்தாவது வந்து சேருங்கள். நான் தேறினால்தான் கீழே போய் ஒரு வேலையில் உட்கார முடியும். தேறாவிட்டால் அடுத்த வருஷம் நானும் உங்கள் தோட்டத்துக்கே காபி பறிக்க வர வேண்டியதுதான். அந்தக் கட்டில் என் இரண்டு வருஷம் இருக்கிறது, என் தலையில் ஒன்றும் இல்லை. குழியில் கை வைப்பது பாவம் என்று நீங்கள் நினைத்தால், அந்தப் பாவத்தை முழுக்க நானே ஏற்றுக்கொள்கிறேன். வரும்போது நல்ல கடப்பாரை ஒன்றும் கொண்டுவரவும், இங்கே இருப்பதெல்லாம் முனை மழுங்கியது.

அத்தைக்கு என் கும்பிடு. உங்கள் மகள் சின்னக்குழந்தைக்கும் அவள் தம்பிக்கும் என் அன்பு, இருவரையும் மழை வெயில் பாராமல் பள்ளிக்கு அனுப்பவும். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் என் தலைமேல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
மாதையன், எம்.ஏ. (இரண்டாம் ஆண்டு)

பின்குறிப்பு: தபால்காரர் மலையேறி வராததால் கடிதம் ஒட்டாமலே இருந்தது. அதற்குள் அம்மாவே ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். "போனவரு போய்ட்டாரு, இருக்கறவன் படிக்கணுங்க" என்று கேட்டிருக்கிறாள். ஊர் கூடிச் சம்மதித்துவிட்டது. கோழி அறுத்து, கற்பூரம் காட்டி, மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்கள். முதல் மண்ணை மகன்தான் எடுக்க வேண்டுமாம். ஓங்கிவிட்டேன். மண் இன்னும் இறுகவே இல்லை மாமா, மெத்தென்று இருக்கிறது. என் நைனாவைத் தோண்ட என்னால் முடியவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கட்டு பரணுலயே கீது, இப்பதான் ஞாபகம் வந்துச்சி" என்றேன். வேடியப்பன் சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஆமாமா, நா உள்ள வச்சது வேற ஏதோ காய்தம்" என்றார். ராஜாக்கண்ணு, "அப்ப சரி, வூட்டுக்குப் போய் படி" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். கடப்பாரை வேண்டாம். யாராவது கேட்டால் கட்டு பரணில்தான் இருக்கிறது என்று நீங்களும் சொல்லவும். பிள்ளை படிக்கிறான் என்று அம்மா யாரையும் வாசல் பக்கம் பேச விடுவதில்லை, கோழியைக்கூடத் துரத்திவிடுகிறாள். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.