மூடத் தெரியாத கத்தியோடு பெண் கேட்கப் போன கதை

எதையும் திறக்கத் தெரிந்தால் போதும், மூடுவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று நினைக்கும் கூட்டத்தில் நான் ஆயுட்கால உறுப்பினர். குடையை விரிப்பேன், மடக்கத் தெரியாமல் விரித்தபடியே பஸ்ஸில் ஏறப் பார்ப்பேன். (வாயும் அப்படித்தான் என்று என் அக்கா சொல்லுவார்.) இந்தக் குணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

நான் உயிலங்குளத்து ஆள். வயலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்து, மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். ஜெசிந்தா பேசாலைப் பெண். தகப்பனுடைய படகின் பதிவைப் புதுப்பிக்க ஒருநாள் என் மேசைக்கு வந்தாள். அவளைப் பார்த்த பதற்றத்தில் படிவத்தில் மூன்று பிழை விட்டேன். மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டி, “பரவாயில்லை, வேற ஒரு போம் தாங்கோ, நானே நிரப்புறன்” என்றாள். எனக்கு அன்றைக்கே கதை முடிந்துவிட்டது. புதுப் படிவத்தில் நான் செய்த ஒரே வேலை கையெழுத்துப் போட்டதுதான்.

அக்கா போய்ப் பேசினார். தகப்பன் சொல்லி அனுப்பிய பதில் இது: “பொடியன் நல்ல பொடியன் எண்டுதான் கேள்வி. ஆனா வயல்காரர், பேனை பிடிக்கிற கை. எங்கட வீட்டுக்குச் சரிவருமோ தெரியேல்ல. ஒருக்கா வரட்டும். பிள்ளை ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை.” அதற்கு முன்னே எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. அவற்றுக்காக நான் ஒரு நேரச் சோற்றைக்கூட விட்டதில்லை. இது தட்டிப் போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

புறப்பட்ட அன்று, கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான் றெஜியும் எங்கள் வாடகை வான் வண்டியில் ஏறிக்கொண்டான். மன்னார்ப் பாலம் தாண்டியதும் பொக்கெற்றிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தான். மடக்குக் கத்தி. பெருவிரலால் ஒரு தட்டு. சடக்!

“இந்தா, வைச்சிரு மச்சான். கடல்காரர் வீட்டுக்கு வெறும் பேனையோட போகாத.”

மூன்று தரம் திறந்து காட்டினான், மூன்று தரம் மூடியும் காட்டினான். திறந்ததைக் கண் வெட்டாமல் பார்த்தேன். மூடிய நேரங்களில் வானின் கண்ணாடியில் தலைமயிரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். (மயிர் அப்போது இருந்தது.)

விறாந்தையில் கதிரைகள் போட்டு வரவேற்றார்கள். தகப்பன், தாய், அண்ணன் அன்ரன், அன்ரனின் தவழும் பெண் குழந்தை. ஜெசிந்தா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா கொண்டுபோன கேக் பெட்டியை நடுவில் இருந்த குட்டை மேசையில், ரீப்போவில் வைத்தார். வழியில் திறந்துவிடக் கூடாது என்று நைலோன் கயிற்றால் அதை வரிந்து கட்டியிருந்தார்.

“அன்ரன், கத்தி ஒண்டு எடுத்து வா” என்றார் தாய்.

நான் துள்ளி எழும்பினேன். “இருங்கோ மாமி, என்னட்ட இருக்கு!” (மாமி என்று கூப்பிட அதுவரை எனக்கு யாரும் அனுமதி தரவில்லை.) பெருவிரல் தட்டு. சடக்! ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. தகப்பனின் புருவம் உயர்ந்தது. அன்ரன்கூட, “நல்ல சாமான்” என்றான். பேனை பிடிக்கிற கையாம்! நெஞ்சு நிமிர்ந்து கதிரையில் அமர்ந்து கத்தியை மூடப் பார்த்தேன்.

மூடவில்லை.

அலகின் முதுகில் அமத்தினேன். அசையவில்லை. சிரித்துக்கொண்டே, நான்கு விரலாலும் பிடியை இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் பலம் கொண்ட மட்டும் அமத்தினேன். மாதாவே, மடங்கிவிடு, மெழுகுதிரி கொளுத்துறன் என்று நேர்ந்தும் பார்த்தேன். கத்தி எங்கள் கந்தோர்ப் பெரியவரைப் போல விறைத்து நின்றது. மச்சானைப் பார்த்தேன். அவன் அன்ரனுக்குக் கனடாக் குளிரை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை மினுங்கும் அலகைக் கண்டுவிட்டது. கையை நீட்டியபடி விறுவிறுவென்று தவழ்ந்து வந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கத்தியைச் சட்டென்று என் வலத்தொடைக்குக் கீழே செருகி, பிடியை விடாமல் அதன் மேலேயே அமர்ந்துவிட்டேன். காற்சட்டை ‘சர்’ என்றது. தொடை எரிந்தது. குழந்தை ஏமாந்து அழுதது. அழ வேண்டியவன் நான்.

அப்போது ஜெசிந்தா தேத்தண்ணியோடு வந்தாள். வலக்கை கத்தியில். என்ன செய்ய? பெண் தந்த தேத்தண்ணியை இடக்கையால் வாங்கினேன். அக்காவின் முகம் செத்துப் போயிற்று.

“தம்பி இடக்கையோ?” என்று தகப்பன் கேட்டார்.

“ஓம் மாமா. பிறவியிலயே.”

ஒரு பொய் தனியாக வருவதில்லை. கேக்கையும் இடக்கையால் எடுத்தேன், இடக்கையால் தின்றேன். என்னை வளர்த்த அக்கா, நான் பிறந்து முப்பத்தொரு வருசம் கழித்துத் தம்பி இடக்கைக்காரன் என்று அறிந்து, கேக் தொண்டையில் சிக்கி இருமினார்.

ஜெசிந்தா தட்டத்தோடு நின்றபடியே கேட்டாள்: “கந்தோரில வலக்கையாலதானே கையெழுத்து வைச்சனீங்கள்?”

தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். முடிந்தது, பொய்யன் என்ற பட்டத்தோடு பாலம் தாண்டப் போகிறேன் என்று நினைத்தேன்.

“வலக்கையைக் காட்டுங்கோ” என்றாள்.

இழுத்து எடுத்து அப்படியே நீட்டினேன். எப்படி? கூர் முனை அவள் பக்கம்! பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் நெஞ்சுக்கு நேரே திறந்த கத்தி. தகப்பன் எழும்பினார். அன்ரன் எழும்பினான். மச்சான் கனடாவுக்கே திரும்பிப் போகப் போகிறவன் போல எழும்பினான்.

அவள் மட்டும் அசையவில்லை. கையை நீட்டவுமில்லை. “கீழ வையுங்கோ” என்றாள்.

என்னை வேண்டாம் என்கிறாள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. பிறகுதான் உறைத்தது. கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்லுவார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். மூடநம்பிக்கை என்று நான் எத்தனையோ தரம் வீட்டில் நக்கல் அடித்திருக்கிறேன். ரீப்போவில் வைத்தேன்.

அடுத்து அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் அலுக்காமல் பார்க்க முடியும். முதலில் குழந்தையைத் தூக்கச் சொன்னாள். யாரும் கிட்ட இல்லை என்று பார்த்துக்கொண்டாள். கத்தியைப் பிடியில் எடுத்து, கூரை ஆளில்லாத பக்கம் திருப்பி, பிடியின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அலகின் அடியை முட்டுக்கொடுத்தபடி மெல்லிய தகடு ஒன்று நின்றது. பெருவிரலால் அதை ஓரத்துக்குத் தள்ளி, அலகைக் கொஞ்சம் மடக்கினாள். பெருவிரலை வழியிலிருந்து எடுத்தாள். பிறகு மற்ற உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளினாள். டிக். நான் வேர்த்து விறுவிறுத்து மல்லுக்கட்டிய சாமான் பூனைக்குட்டி மாதிரிப் படுத்துவிட்டது. என்ன கை அது! அவசரமும் இல்லை, பயமும் இல்லை.

அந்தத் தகட்டைக் காட்டி, “நல்ல பூட்டு” என்றாள். “நீங்கள் முதுகில அமத்தின அமத்துக்கு இது இல்லாட்டி, நாலு விரலும் இந்த ரீப்போவிலதான் கிடந்திருக்கும்.”

விரல்களை எண்ணிப் பார்த்தேன். உண்மையாகவே எண்ணினேன். அவ்வளவு நேரமும் நான் திட்டிக்கொண்டிருந்த பூட்டுத்தான் என் விரல்களைக் காத்திருக்கிறது.

“இதைத்தானே வானுக்குள்ள மூண்டு தரம் காட்டினனான்!” என்று மச்சான் கத்தினான்.

எழும்பியபோது கதிரையில் இரத்தம். மாமி மருந்து கட்டி, கிழிந்த காற்சட்டைக்குப் பதிலாக மாமாவின் சாரம் ஒன்றைத் தந்தார். அதைக் கட்டிக்கொண்டு, முடிவைக் கேட்கத் தைரியமில்லாமல் விறாந்தையின் ஓரத்தில் நின்றேன். குசினிக்குள் தகப்பனும் மகளும் பேசினார்கள். வெகுநேரம். பிறகு தகப்பன் வெளியே வந்தார்.

“பிள்ளை ஓம் எண்டுறாள்” என்றார். “ஆனா தம்பி, கத்தி அவளிட்டயே இருக்கட்டாம்.”

கல்யாணமாகி ஒன்பது வருசம். கத்தி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. பெண் கேட்க வந்து மாமனாரின் சாரத்தோடு வீடு திரும்பியவன் நான் ஒருவன்தான் என்று மாமா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். மாமி இன்றைக்கும் தேத்தண்ணியை என் இடப்பக்கம்தான் நீட்டுவார்.

ஒருநாள் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “அந்தக் கூத்துக்குப் பிறகும் ஏன் ஓம் எண்டனீர்?”

“குசினி வாசல்ல நிண்டு பாத்தனான்” என்றாள். “பிள்ளை வரேக்க கத்தியை உங்கட தொடைக்குக் கீழ செருகினீங்கள். முகம் கோணினது. ஆனாலும் எழும்பேல்ல. மூடப் பழக்கலாம். அதை ஆரும் பழக்க ஏலாது.”

எனக்கு மனம் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்கு வெட்டிவிடுமோ என்று பயந்தது பாதி, மானம் போகப் போகிறதே என்று ஒளித்தது பாதி.

அவள் மீனைத் திருப்பிப் போட்டு வயிற்றைக் கீறிக்கொண்டே சொன்னாள்: “தெரியும். பாதி போதும் எண்டுதான் ஓம் எண்டனான்.”