டேப் ஒட்டிய நாலு நிமிடம்

ராயப்பேட்டை,
ஞாயிறு.

அன்புள்ள கைசர் ஆபாவுக்கு, உங்கள் தம்பி இனாயத்தின் சலாம். மச்சானின் முழங்கால் வலி குறைந்து, ஆம்பூரில் அனைவரும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

என் மகள் ரூஹி இயற்பியல் மேல்படிப்புக்குப் பெங்களூர் போகலாமா என்பதில் நம் வீட்டில் கடைசி வார்த்தை உங்களுடையது. "அந்தப் படிப்பு எதுக்கு ஆகும்னு உன் கண்ணால பார்த்து எழுது. போன்ல சொன்னா நீ அளப்பே" என்றீர்கள். பார்த்துவிட்டேன். ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நந்தனத்தில் அவள் கல்லூரியில் கலைவிழா. அறிவியலிலும் இசையிலும் நிச்சயமின்மை என்று தலைப்பு. அடுத்து என்ன நடக்கும் என்று விஞ்ஞானிக்கே தெரியாதாம். மைக்செட் தொழிலில் இருப்பவனுக்கு இதைத் தலைப்பு வைத்துச் சொல்ல வேண்டுமா? ஒலி அமைப்பு நம்முடையதுதான். ரூஹி சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி செய்திருந்தாள். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம், அவற்றை அது பிடிக்குமாம். எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழும்போதெல்லாம் அவள் தோழி மணிமொழி வயலினில் அடுத்த ஸ்வரத்துக்குப் போவாள், அதுதான் கச்சேரி. ஒத்திகையெல்லாம் கோட்டூர்புரத்தில் மணிமொழி வீட்டில் நடந்தது. "அப்பா, நீங்க வயரை மட்டும் இழுத்து விடுங்க, போதும்" என்றாள்.

வயரை மட்டும் இழுத்து விடுகிற ஆளா நான்? காலையில் சோதித்தபோது ஸ்பீக்கரில் 'டக்' என்றது. கொஞ்சம் விட்டு 'டக் டக்'. முப்பது வருடமாகக் கல்யாணத்திலோ மீலாது கூட்டத்திலோ இனாயத் பாய் ஸ்பீக்கர் கரகரத்தது என்று ஒருவர் சொன்னதில்லை. வயரை மாற்றினேன், பிளக்கைச் சுரண்டினேன், கடைசியில் கோளாறு ரூஹியின் பெட்டியிலிருந்து வருகிறது என்று பிடித்தேன். பிள்ளை செய்த பொருளைக் குறை சொல்லி மனசை உடைப்பானேன்? ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் அவள் பெட்டிக்கான விசையை மட்டும் சத்தமில்லாமல் இறக்கி, யாரும் ஏற்றிவிடாதபடி மேலே டேப் ஒட்டிவிட்டேன்.

மணிமொழி 'ஸ' எடுத்தாள். அதிலேயே நின்றாள். என் கூட்டாளி கபாலி, "பாய், அந்தப் பொண்ணு ஒரே எடத்துல நின்னுக்கினு கீது, இன்னா மேட்டர்?" என்றான். "மேலேந்து ஒண்ணும் விழல, நிச்சயமின்மைடா" என்று விளக்கினேன். ரூஹி பெட்டியைத் தட்டினாள், குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். நாலு நிமிடம், ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. நடுவர் பேராசிரியர் தமிழ்மாறன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எதுவுமே நடக்காம போகலாம்னு காட்டத் துணிச்சல் வேணும்" என்றார். முதல் பரிசுக் கோப்பை நமக்குத்தான்.

பைக்கில் வரும்போது ரூஹி பேசவே இல்லை. பெரிய வெற்றி வாயை அடைத்துவிடும். ஆகவே படிப்பு உருப்படியானது, அப்பனின் கைவேலையும் உடன் சேர்ந்தால் முதல் பரிசு நிச்சயம். சம்மதம் எழுதுங்கள். பெரியவர்களுக்கு சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
இனாயத்

பி.கு. (திங்கள்): பிழை பார்க்கக் கடிதத்தை ரூஹியிடம் கொடுத்தேன். டேப் ஒட்டிய இடத்தில் படிப்பதை நிறுத்தினாள். அந்த 'டக்'தான் துகளாம், அதைக் கேட்டுத்தான் மணிமொழி ஸ்வரம் மாற்ற வேண்டுமாம். எங்கே தப்பு என்று மூன்று நாளாகப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துத் தேடியிருக்கிறாள் என் மகள். இன்று இந்தக் கடிதத்தையே எடுத்துப்போய்ப் பேராசிரியருக்குப் படித்துக் காட்டி, கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "சொல்லாம இருந்திருக்கலாமே" என்றேன். "துகள் விழுந்துச்சுப்பா. விழலன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கிறது. பரிசு இல்லை, ஆபா. என் கைவேலையைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். ஆனால் அவளை அனுப்புங்கள். பெட்டி இப்போது ஒரு சின்ன ஸ்பீக்கரோடு அடுப்படி அலமாரியில் டக் டக் என்கிறது. நான் தொடவில்லை.