வேகக் கல்லும் ரப்பர் செருப்பும்

வணிகர் சங்க மாடியில் நிற்க இடமில்லை. பின்னே, இணையதளங்களை ஓட வைக்கும் மகான் வந்திருக்கிறாராமே! கையில் நீலக் கல். போன்மேல் தேய்த்தால் போதும், ஊர்ந்த தளம் பறக்குமாம். சார்ஜ் தீர்ந்தால் சார்ஜர் தேடத் தெரிந்த கூட்டம்தான், இதற்கு மட்டும் கைகூப்பி நின்றது.

திரைச்சீலைக் கடைக்காரி நாத்தனாரையும் இழுத்து வந்திருந்தாள். அவள் கடைக்குத் தெருவில் வாசல் கிடையாது, இணையதளம்தான் வாசல். அது திறப்பதற்குள் வந்தவர்கள் கொட்டாவி விட்டுப் போய்விடுகிறார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. கல் வாங்கத் தையல் மெஷினை விற்கவும் ஆள் பேசி வைத்துவிட்டாள். அப்புறம் எதில் தைப்பீர்கள் என்று நாத்தனார் கேட்டதற்கு, முதலில் வேகம் வரட்டும் என்றாள்.

கடைக்காரியின் தளத்தை இதுவரை திறக்காத போன்தான் வேண்டும், பழைய தோஷம் ஒட்டியிருக்கக் கூடாது என்றார் மகான். கூட்டத்திலிருந்த தச்சர் ஒருவர் தன் போனை நீட்டினார். படங்கள் நொண்டி நொண்டி வந்தன. மகான் மூடினார், கல்லைத் தேய்த்தார், மறுபடி திறந்தார். பளிச்சென்று வந்தது! கைதட்டலில் கடைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் எழுந்தாள். "தளம் சரியாயிடுச்சுன்னா எந்தப் போன்லயும் ஓடணுமே?"

பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரின் போனை வாங்கித் தளத்தைத் திறந்தாள். பழைய நொண்டிதான். மூடினாள். காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிப் போன்மேல் தேய்த்தாள். திறந்தாள். பளிச்!

"ஒரு தடவை வந்த படத்தைப் போன் தனக்குள்ளயே வெச்சுக்கும், அண்ணி. அடுத்த தடவை அதைத்தான் காட்டுது. புதுசா வர்றவங்களுக்கு அதே ஆமைதான். கேமரால எடுத்த படத்தையெல்லாம் மலை மாதிரி அப்படியே ஏத்தி வெச்சிருக்கீங்க. சுருக்கிப் போடுங்க, ஓடும்."

கடைக்காரிக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. மெஷின் விற்பனைக்கு இல்லை என்று அங்கேயே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இதற்குள் மேடை காலி. மகானின் உண்மையான வேகத்தைப் பின்பக்கப் படிக்கட்டு மட்டும்தான் பார்த்தது.

கூட்டம் திருந்தியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பேக்கரிக்காரர் பயபக்தியோடு நாத்தனாரிடம் வந்து, அந்தச் செருப்பு என்ன விலை என்று கேட்டார்.

நாத்தனார் அதைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"செருப்பு வேண்டாம் அண்ணே. மூளையை ஒரு தடவை திறந்து பாருங்க. முதல் தடவை மெதுவாத்தான் திறக்கும். பழகிட்டா வேகமா வரும்."