மிளகுக்குத்தான் நட்டேன்

தோற்றுப்போனால் ஒப்புக்கொள்வதுதான் பெருந்தன்மை என்பார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்குக் கிடையாது. பலாபத்வல வீட்டில் நான் வைத்த கராம்புக் கன்றுகள் ஒன்றுவிடாமல் செத்துப்போனது உண்மை. நான் தோற்றேன் என்பது பொய். இதைப் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கலியாணமாகி நான் மாத்தளை டவுனிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். வாப்பாவுக்குப் புடவைக்கடை. நான் பார்த்து வளர்ந்த பச்சையெல்லாம் சேலையில் அச்சடித்த இலைதான். வந்த வீட்டிலோ மாமா, மாமி, ஆடுகள், என் கணவர், அவருடைய அண்ணன் (எங்கள் பேச்சில் நானா), அந்த நானாவின் லொறி. தம்புள்ளையிலிருந்து வெங்காயம் ஏற்றும் அந்த லொறிக்கு, எங்கள் அறை ஜன்னலுக்கு நேரே கிடந்த வெறும் காணித்துண்டில் கொட்டகை போடுவதாக ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். மாமி துணி காயப்போடும் கொடியும் அந்தப் பக்கம்தான். விடிவதற்கு முன்பே லொறியை உறுமவிட்டுக் கரும்புகையை என் தலையணைக்கு அனுப்பப்போகிறார் மச்சான் (கணவரின் நானாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்).

“அதுல நான் கராம்பு வைக்கப் போறேன்” என்றேன். (யோசித்துப் பேசும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை.)

மச்சான் சிரித்தார். “டவுன் புள்ளைக்கு மரம் வளக்கத் தெரியுமா?”

“மரம் என்ன ஆடா, அவுத்துக்கிட்டு ஓட? வச்ச எடத்துல நிக்கப்போகுது.”

மாமா சோற்றைப் பிசைந்தபடி தீர்ப்புச் சொன்னார். “சரி மகள். மாரி முடியட்டும். நீ வச்சது உசிரோட நிண்டா காணி ஒனக்கு. இல்லாட்டி லொறிக்கு.”

கராம்புக் கன்றுக்கு நிழல் வேண்டும். சுற்றிவரக் கம்பு ஊன்றி மேலே தென்னோலை போடுவது ஊர் வழக்கம். காய்ந்த கம்பாக ஊன்றச் சொன்னார் என் கணவர். நான் கேட்பேனா? வேலியில் தழைத்து நின்ற கிளிசீரியா மரத்தின் கிளைகளை வெட்டிப் பச்சையாகவே ஊன்றினேன். (காஞ்ச கம்பு மழையில உக்கிப் போயிடாதா?) பிறகு ஆட்டுக்கொட்டிலில் அன்றன்று விழுந்த எருவை அள்ளிவந்து, கன்றுகளின் கழுத்துவரை குவித்தேன்.

“எரு கொஞ்சம் பழசாகட்டும். பச்ச எரு வேர எரிச்சிடும்” என்றார் அவர்.

“நீங்க சோத்தப் பழசாக்கியா திங்கிறீங்க?”

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. பல விஷயங்களில் இன்றுவரை திறப்பதில்லை. மாமி மட்டும் காலையில் வந்து, கன்றையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, “யா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

கராம்பு இலைகள் நுனியில் கருகியபோது இன்னும் கொஞ்சம் எரு போட்டேன். பாதி கருகியபோது அதற்கும் மேலே போட்டேன். ஆனால் கம்புகளைப் பார்க்க வேண்டுமே! ஓலையைத் தள்ளிக்கொண்டு துளிர்த்து, மாரி முடியும்போது காடாகவே நின்றன. அந்த இலை மறைவில் கராம்பின் கதி வெளியே தெரியாது என்று நானும் தைரியமாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமாவும் மச்சானும், பள்ளிவாசலிலிருந்து கூடவே வந்த சொந்தக்காரர்களும் நேரே காணிக்கு வந்தார்கள். மச்சான் கொட்டகைக்குத் தகரமே வாங்கி லொறியில் ஏற்றி வைத்திருந்தார். மாமா இலைகளை விலக்கிக் குனிந்து கருகிய குச்சி ஒன்றைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

“மகள், கராம்பு எங்க?”

“வேலிக்குள்ள வேலி போட்டீக்கிறா!” என்று மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் சிரிப்பை அடக்கவில்லை. எனக்கு அறைக்குள் ஓடி ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. ஜன்னல் என்றதும் புகை ஞாபகம் வந்தது. நிமிர்ந்து நின்றேன்.

“கராம்பா? நான் மொளகுக்குத்தானே நட்டேன்.”

(எங்கள் பக்கம் மிளகுக்கொடியை ஏற்றுவதே கிளிசீரியாவில்தான். அல்லாஹ் அந்த நேரம் பார்த்து அதை ஞாபகப்படுத்தினான்.)

“அப்ப இந்தக் கருகினது?”

“அது பசளைக்கு, மாமா. எருவோட எருவா உக்கட்டும்.”

மாமா மெதுவாக, துணி எடுக்க வந்திருந்த மாமியின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இது மொளகுக்கு நட்டதா?”

மாமி கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்தார். பிறகு லொறியைப் பார்த்தார்.

“மொளகுக்குத்தான். நான்தானே சொன்னேன். மொளகுக் கொடியும் வெட்டி வச்சீக்கிது” என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார், வெட்டி வைத்திருந்த கொடியை வெட்டுவதற்கு.

தகரம் ஆட்டுக்கொட்டிலுக்குப் போனது. லொறி ரோட்டோரத்திலேயே நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே இன்றும் மிளகுதான்.

மகன் படிக்கிற காலத்தில் சோதனையில் கோட்டை விட்டால், “மொளகுக்குத்தான் நட்டேன், உம்மா” என்பான். வட்டிலப்பம் இறுகாவிட்டால் மருமகளும் அதையேதான் சொல்கிறாள். மச்சான் லொறியை விற்று எத்தனையோ காலமாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம், “கராம்பு எப்பிடி?” என்று கேட்பதை மட்டும் விடவில்லை. நானும் முகம் மாறாமல் ஒரு பை மிளகு கட்டிக் கொடுப்பேன். வேண்டாமென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.