குப்பைக் கிடங்கில் நாற்பது கையெழுத்து

"எல்வுட், காரை நகர்த்து. உன் பின்னாடி பதினோரு வண்டி நிக்குது" என்றான் குப்பைக் கிடங்குக் காவலன் ஆர்மண்ட்.

"ஒரே ஒரு கையெழுத்து வாங்கிக்கிறேன்பா."

"எட்டு மணியிலேர்ந்து இதையேதான் சொல்றே."

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓட்டு கேட்க நினைப்பவர்கள் சனிக்கிழமை காலையில் குப்பைக் கிடங்குக்குத்தான் வருவார்கள். மொத்த ஊரும் வீட்டுக் குப்பை மூட்டையும் கையுமாக வந்து நிற்கும் ஒரே இடம் அதுதான்.

எல்வுட் பிங்கம் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அதோடு, பள்ளமில்லாச் சாலைக் கட்சியின் கவர்னர் வேட்பாளர். கட்சியில் மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வாக்குச்சீட்டில் பெயர் வர நாலாயிரம் கையெழுத்து வேண்டும். ஊர் ஊராக அலைந்து, நாய்க்கடிகூட வாங்கி, நாற்பது பாக்கி என்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்த நாற்பதையும் பன்னிரண்டு மணிக்குள் சொந்த ஊரில் வாங்கி, ஊர் எழுத்தர் ஜோசெட்டிடம் முத்திரையும் வாங்கியாக வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு தேர்தலில் கையெழுத்து போதாமல் கோட்டை விட்டவர். ஜெயிப்பதைப் பற்றியெல்லாம் அவர் யோசித்ததே இல்லை. அந்தச் சீட்டில் ஒரு தடவையாவது தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா நின்றால் யார் மதிப்பார்கள் என்று மூட்டை தூக்கிப் போட ஆரம்பித்தார். உடனே ஊரார் மூட்டையைக் கொடுத்தார்கள், நனைந்த மெத்தையைக் கொடுத்தார்கள், நான்கு நாள் பழைய இறால் ஓட்டை அவர் சட்டையிலேயே கொட்டினார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. அந்த நாற்றத்தில் பேனா வாங்கக்கூட யாரும் கிட்டே வரவில்லை.

கை கழுவப் போனபோது கையெழுத்துத் தாள்கள் மாட்டிய அட்டையைப் பக்கத்து மேசையில் வைத்தார். வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகும் மேசை அது. திரும்பி வந்தால் அட்டை தெல்மா அம்மாளின் காருக்குள் இருந்தது.

"தெல்மா, அது என்னுது!"

"மேசையில இருந்தா எடுத்தவங்களுது. சட்டம் தெரியாதா உனக்கு? நீயெல்லாம் கவர்னரா?"

"அதுல மாநிலத்தோட எதிர்காலமே இருக்கு தெல்மா!"

"இருக்கட்டும். அட்டை நல்லா கெட்டியா இருக்கு."

பதிலுக்குக் கட்சித் தொப்பியை நீட்டினார். அந்தம்மாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் காபி ஃபிளாஸ்கைக் கொடுத்து அட்டையை மீட்டார்.

மணி பதினொன்று. கையெழுத்து மூன்று. அதில் ஒன்று ஆர்மண்டுடையது, அதுவும் காரை நகர்த்துவதாகச் சொன்னதற்காகப் போட்டது.

எல்வுட் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "யார் யாரோ போட்டாங்க ஆர்மண்ட். பொறந்த ஊர்ல முப்பத்தேழு பேர் கிடைக்கலையே எனக்கு" என்றார். ஆர்மண்டுக்கே பாவமாகப் போயிற்று.

"கொடு இப்படி. நான் நாலு வார்த்தை பேசிப் பார்க்கிறேன். முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டு. அந்த ஓட்டை ஃபிரிட்ஜ் பக்கத்துல போய் நில்லு. வாயை மட்டும் திறக்காதே."

காற்றில் படபடக்கிறது என்று தாளில் தலைப்பு இருந்த மேல்பாதியை மடித்துக் கிளிப் மாட்டினான். அடுத்து வந்த காரின் ஜன்னலில் குனிந்து என்னவோ சொன்னான்.

அப்புறம் நடந்ததை எல்வுட்டால் நம்ப முடியவில்லை. கையெழுத்துக்கு வரிசை நின்றது!

"எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தோம் தெரியுமா!" என்றாள் ஒருத்தி.

"ஒருத்தனுக்காவது துணிச்சல் வந்துச்சே!" என்றார் பாதிரியார்.

மீனவன் வெர்ன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியையும், பத்து வருஷமாகப் பேசாத மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தான். யாரோ எல்வுட்டைக் கட்டிப்பிடித்தார்கள், இறால் நாற்றத்தோடு. வாயைத் திறக்காமல் அவர் எல்லாருக்கும் கையை மட்டும் ஆட்டினார். கவர்னர் மாதிரியேதான் ஆட்டினார்.

பதினொன்று ஐம்பதுக்கு எழுத்தர் அலுவலகத்தில் மூச்சிரைக்க நின்றார். ஜோசெட் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாக்காளர் பட்டியலில் சரிபார்த்தாள்.

"எழுபத்தொண்ணு. எல்லாமே செல்லும்" என்று முத்திரையைக் குத்தினாள். "உன் பேர் சீட்டுல வருது எல்வுட்."

எல்வுட் அங்கேயே அழுதார். ஊர் தன்னைக் கைவிடவில்லை. சாலைப் பள்ளங்களைப் பற்றி இத்தனை வருஷம் கத்தியது வீண்போகவில்லை. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிடங்குக்குப் போய், ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லி, அப்படியே ஓட்டும் கேட்க வேண்டும்.

நாய் லைசென்ஸ் புதுப்பிக்க உள்ளே வந்த வெர்ன் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"முத்திரை விழுந்துடுச்சா? ஓட்டு கேட்கிறவன் எவனும் இனிமே குப்பைக் கிடங்குக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு நீ மனு போடுறதா ஆர்மண்ட் சொன்னதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு எல்வுட்!"