தொட்டிப் பக்கத்துக் கேட்டை மூடியது யார்?

மதிப்பிற்குரிய வாரப் பத்திரிகை ஆசிரியர் லிண்ட்கிரன் அவர்களுக்கு, மேட்டுப் பண்ணை ஹில்டா நெசெட் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உங்கள் அப்பா ஆசிரியராக இருந்தபோது என் கல்யாணச் செய்தியில் என்னை ஹெல்கா என்று அச்சடித்தார். ஐம்பத்தெட்டு வருஷமாகிறது, அதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எங்கள் மேய்ச்சல் நிலத்தில் இருந்தவர்கள்: என் மகன் ஆர்லோ, மினியாபொலிஸிலிருந்து மண்ணில் வளை தோண்டுகிற அணில்களைச் சுட வந்த பல் டாக்டர் ப்ரூயிட், அவரோடு சுட்ட பக்கத்துப் பண்ணை ஓர்வில் ட்வைட், நான். வேறு ஒரு ஜீவன் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அணில் வளையில் கால் சிக்கி என் குதிரை முடமானதிலிருந்து சுட வருகிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை. ஒரே சட்டம்தான்: திறந்திருக்கிற கேட்டைத் திறந்தே விடு, மூடியிருந்தால் மூடியே விடு. ஆர்லோ காலையில் கிடாரிகள் தண்ணீர் குடிக்கட்டும் என்று தொட்டிப் பக்கத்துக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு டவுனுக்குப் போனான். மத்தியானம் நான் சுடுகிறவர்களுக்கு ருபார்ப் தண்டு போட்ட கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு மணிக்கு ஆர்லோ திரும்பிப் பார்த்தால் கேட் மூடிச் சங்கிலி மாட்டியிருக்கிறது, முப்பத்தெட்டு கிடாரியும் அந்த வெயிலில் வேலியோரம் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கின்றன, ஒன்று விழுந்தே விட்டது. அது எழுந்து நிற்க மறுநாள் விடிந்துவிட்டது.

"பாட்டி, சத்தியமா நான் அதத் தொடவே இல்ல," என்றார் டாக்டர்.

"அப்ப காத்துக்குச் சங்கிலி மாட்டத் தெரியுமாக்கும்?"

"அம்மா, பத்து வருஷமா வர்ற மனுஷன். பொய் சொல்லுவாரா?" என்றான் ஆர்லோ.

"பல்லு புடுங்குறவன்டா! வலிக்காதுன்னு சொல்லித்தானே புடுங்குறான்!"

ஓர்வில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "என்னக் கேக்காதீங்கக்கா. ஒரு கண்ணு துப்பாக்கித் தொலைநோக்கியில இருந்துச்சு, இன்னொரு கண்ண மூடியிருந்தேன்."

மூன்று நாளாக எனக்குத் தலை சுற்றுகிறது. ஆர்லோ டவுனில், இவர்கள் இருவரும் மேட்டில் குப்புறப் படுத்தபடி, நான் கேக்கும் கையுமாக. அப்படியானால் யார்? டாக்டர்தான், வேறு யார்? ஆகவே, நெசெட் பண்ணையில் இனி எவரும் சுடக் கூடாது, முக்கியமாகப் பல் டாக்டர்கள் கூடாது என்று கட்டம் கட்டிப் போடவும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

ஹில்டா நெசெட் (ஹெல்கா அல்ல)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஓர்வில் கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "அக்கா, கேட்ட மூடுனது நீங்கதான். திரும்பிப் போறப்போ ஒரு கையாலயே சங்கிலிய மாட்டுனீங்க. தொலைநோக்கியில எதிர்ல நிக்கிற மாதிரி தெரிஞ்சுது," என்றான்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"டாக்டர் ஊருக்குப் போயிருவாரு. நான் இங்கதான இருக்கணும்?"

மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். டாக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், கேக்கும் உண்டு என்று போடவும். எழுபது வருஷமாகக் கேட்டைக் கண்டால் மூடுகிற கை இது, அதை மன்னித்துவிட்டேன். ஆனால் துப்பாக்கியை என் பக்கம் திருப்பிப் பார்த்து, பார்த்ததை மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, என்னை ஒரு நல்ல மனுஷனைத் திட்டவிட்டானே, அவனைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். பெயரைச் சரியாக அச்சடியுங்கள்: ஓர்வில் ட்வைட்.